மண்டி மொஹல்லாவில் ஒரு 'நாங்க'

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்கள் மைசூர் மண்டி மொஹல்லாவுக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். போன ஆடியில், பட்டப்பகலில் நடந்தது இது.

மகேந்திரன் ராமாபுரத்துக்காரர். மொஹல்லாவில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை. கடையில் தனி ஆள். நாள் முழுக்க மனசுக்குள் பேசுவார். உள்ளேயிருந்து பதிலும் வரும். "டீ குடிக்கலாமா?" "நாம இப்பத்தானே குடிச்சோம்?" பேச்சுத் துணைக்கு அவருக்கு அது போதும்.

மனைவி அனுப்ரியா மைசூரிலேயே பிறந்தவள். கன்னடத்தில் எதிரே இருப்பவரைச் சேர்த்தாலும் 'நாவு', விட்டாலும் 'நாவு'. அதனால் அவள் தமிழில் 'நாம', 'நாங்க' இரண்டும் குழம்பும்.

"ஏங்க, நாங்க சினிமாக்குப் போலாமா?"

"நாங்கன்னா? என்னைய உட்டுட்டு எவன்கூடப் போற? நாமன்னு சொல்லு புள்ள!"

அன்று மதியம் 1.40. சாப்பிடக் கிளம்பினார். உள்ளே குரல் சொன்னது:

"நாங்க வீட்டுக்குப் போறோம்."

பொண்டாட்டி வியாதி நமக்கும் ஒட்டிவிட்டதே என்று சிரித்துக்கொண்டார்.

"நாமன்னு சொல்லு."

"இல்ல... நாங்க."

இந்தத் தடவை ஒரு குரல் இல்லை. மூன்று, நான்கு...

கர்ர்ர்ர்... ஷட்டர் இறங்கியது. வெளியே இருந்து.

டக். பூட்டு.

இடுக்கில் பார்த்தார். அவருடைய செருப்பு. அதில் அவருடைய கால்.

சாப்பாட்டுக்கா என்று பக்கத்து டீக்கடை மஞ்சுநாத் கன்னடத்தில் கேட்பது காதில் விழுந்தது: "ஏன் சார், ஊட்டக்கா?"

"ஹௌது. நாவு ஹோக்தீவி."

ஆமாம், போகிறோம் என்றது அவருடைய குரலேதான்.

ஷட்டரைக் குத்தினார். சத்தம் வரவில்லை.

குனிந்து பார்த்தார்...

குத்தக் கை இல்லை.

மறுநாள் காலை ஷட்டர் திறந்தது. அந்தச் செருப்பு படியேறி வந்தது. ஓடிப்போய்த் தன் உடம்புக்குள் நுழையப் பார்த்தார்.

இடமில்லை.

வீட்டில் அனுப்ரியாவுக்கு ஏக சந்தோஷம். புருஷன் முணுமுணுப்பதை விட்டுவிட்டார். அவள் தமிழைத் திருத்துவதும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒற்றை ஆளாக நின்று, "நாங்க சாப்பிட்டாச்சு" என்கிறார். அவளுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் கடைப்பக்கம் வந்தவளை மஞ்சுநாத் நிறுத்தினான்.

"அக்கா, சார் பூட்டிட்டு ஊட்டத்துக்குப் போறாரல்வா? அப்பறம் தினமும் உள்ள யாரோ 'நாம... நாம...'ங்கறாங்க. சாமி நாமம்தானே? பஜனையா?"

அவள் கடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பஜனைன்னா, அக்கா... ஏன் அழறாங்க?"