இரு மடங்கைக் காட்டிய படம்

வாசகரே, நீங்களே சாட்சி: அந்த எண்ணை நான் சரிபார்த்தேன். ஸ்மார்ட்போன் விற்பனை இரு மடங்காயிற்று என்று, சிறிய போன் ஒன்றையும் பெரிய போன் ஒன்றையும் அருகருகே வரைந்து காட்டியது இணையத்தில் கிடைத்த விளக்கப்படம். அது சுட்டிய அறிக்கையையும் தேடிப் படித்தேன். அங்கும் இரு மடங்குதான். அந்த நிறைவோடு படத்தை ஃபிளெக்ஸில் அச்சிட்டு, சாணார்பட்டித் தேவாலயத் திருவிழாவின் பட்டிமன்ற மேடையில் பின்புறம் கட்டச் செய்தேன். கைபேசி கிராமத்தை வாழவைக்கிறது என்று வாதிடும் அணிக்கு நான் தலைவன். கையை நீட்டி அந்தப் படத்தைக் காட்டிப் பேச்சை முடிப்பதாக ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

என் அணித் தோழன் பேசிவிட்டு வந்து அமர்ந்தான். படத்தைத் திரும்பிப் பார்த்தவன் என் காதருகே குனிந்தான்.

"ஏலே, ரெண்டு மடங்குன்னுதானே போட்டிருக்க? அந்தப் பெரிய போனுக்குள்ள சின்ன போன் நாலு உக்காந்துரும் போலயே."

திரும்பிப் பார்த்தேன். வரைந்தவர் உயரத்தை இரு மடங்காக்கியதோடு அகலத்தையும் இரு மடங்காக்கியிருந்தார்; பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. எண் மெய், படம் பொய். எனக்குப் பின் பேசவிருந்த எதிரணித் தலைவர் ஒரு கணக்கு ஆசிரியர். கண்களைச் சுருக்கிக்கொண்டு அவர் அந்த ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எங்கள் அணி பேசிய அத்தனையும் சிரிப்பில் கரைந்துவிடும். சபையைச் சிரிக்கவைத்தே பழகியவன் நான்; சபை என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"கழட்டிரலாமா?" என்றேன்.

"இம்புட்டு சனத்துக்கு முன்னாடியா? பேசாம உக்காருலே."

நடுவர் அழைத்தார். ஒலிவாங்கியைப் பற்றினேன். "அவையோரே, என் பின்னாலிருக்கும் படத்தை நம்பாதீர்கள். வளர்ச்சி இரண்டு மடங்கு. வரைந்திருப்பது நான்கு மடங்கு."

"சொந்தச் சாட்சியையே வெட்டிப் போட்ட வக்கீல இன்னைக்குத்தான் பாக்குறேன், அப்பு" என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது. மீதியை எப்படிப் பேசினேன் என்பது நினைவில் இல்லை. தீர்ப்பு எதிரணிக்குப் போனது.

இறங்கியதும் கணக்கு ஆசிரியரிடம் கேட்டேன்: "ஐயா, பிழையை எப்போது கண்டீர்கள்?"

"பிழையா? கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் தம்பி. அது போனா பீரோவான்னே தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அத்தனை பேரோடும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். தடுக்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

திண்டுக்கல் பேருந்துக்குக் காத்து நின்றபோது தோழன் சீண்டினான்: "அடுத்த மேடைக்கு எந்தப் படம்லே?"

நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, மேடைக் குரலிலேயே சொன்னேன்: "எண்ணைப் பார்த்ததோடு நிற்க மாட்டேன். அளவுகோல் வைத்து அளக்காத எந்தப் படத்தையும் இனி மேடையேற்ற மாட்டேன்."