மூன்றாம் தோ, நான்காம் தோ

சுல்மா எச்சார் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. வேலைக்கு நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். மெர்செதெஸ் ஊரில் அவள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஆற்றங்கரைப் பள்ளி இருந்தது. அங்கே இசை ஆசிரியையாக நிரந்தர வேலை கிடைத்துவிட்டால், காலையில் எழுந்து, அவசரமில்லாமல் மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சிவிட்டு, வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். இருபத்துமூன்று வருடமாக இந்த ஆசையோடு அவள் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள்.

நிரந்தரமில்லாத ஆசிரியர்களை ஒவ்வொரு பிப்ரவரியும் ஊர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரச்சொல்வார்கள். வியர்த்து ஒழுகும் அந்தத் தகரக் கொட்டகையில் பட்டியல் வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். முன்னால் கூப்பிடப்பட்டவர் நல்ல பள்ளிகளை எடுத்துக்கொண்டு போவார். பின்னால் நிற்பவர்களுக்கு அங்கே ரெண்டு பீரியட், இங்கே மூன்று பீரியட் என்று உதிரி மிஞ்சும். சுல்மாவுக்கு வாய்த்தவை ஆற்றங்கரைப் பள்ளியில் நான்கு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி தொலோரெஸில் ஆறு, பாலம் தாண்டி ஃப்ரை பெந்தோஸில் ஐந்து. நாற்பத்தொன்பது வயதில் கால் வீங்கிப்போய், பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கக் கற்றிருந்தாள். எந்த மேட்டில் பஸ் குலுங்கும் என்று அவள் கழுத்துக்குத் தெரியும்.

இதில் யாரும் கவனிக்காத கூத்து ஒன்று உண்டு. பியானோவின் நடுவில் இருக்கும் தோ என்ற ஸ்வரம் உலகம் முழுக்க ஒரே ஒலிதான். ஆனால் அதற்கு என்ன எண் என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில். ஸ்வரங்கள் ஏழுதான், ஏழு முடிந்ததும் மறுபடி தோ வரும், அடுத்த ஸ்தாயி தொடங்கும். எந்த ஸ்தாயியின் தோ என்று சொல்லத்தான் எண். ஆற்றங்கரைப் பள்ளியின் பழைய புத்தகங்கள் பிரெஞ்சுக்காரர் வழி: செல்லோவின் அடித்தந்தி தரும் தோதான் ஒன்று, அதிலிருந்து எண்ணினால் நடு தோ மூன்று. ஒன்றுக்குக் கீழே பூஜ்யம் கூடக் கிடையாது, நேராக மைனஸ் ஒன்றுக்குப் போய்விடும். தொலோரெஸ் பள்ளிக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த மின் கீபோர்டுகள் இருந்தன. அவற்றின் சின்னத் திரையில் அதே தோவை அழுத்தினால் நான்கு என்று காட்டும். பியானோவின் இடது ஓரத்திலிருந்து எண்ணிப் பார்த்தாலும் அது நான்காவது தோதான், அதனால் பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போனது. ஃப்ரை பெந்தோஸில் எண்ணே கிடையாது. ஒரு காலத்தில் அங்கே பிழைக்க வந்த ஜெர்மானியர்கள் விட்டுப்போன பாட்டுப் புத்தகங்களில் நடு தோவுக்குத் தலையில் ஒரு சின்னக் கோடு, அடுத்ததற்கு இரண்டு. அங்கே பிள்ளைகள் அதை "ஒத்தக்கோட்டு தோ" என்றுதான் கூப்பிட்டார்கள்.

சுல்மா திங்கள் காலை மூன்று என்று சொல்வாள், செவ்வாய் நான்கு என்பாள், வியாழன் ஒரு கோடு போடுவாள். பள்ளிக்கு ஏற்றபடி புத்தியை மாற்றிக்கொள்வது பஸ்ஸிலேயே நடந்துவிடும். அது ஒரு சுமை என்று கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் நிரந்தரப் பணித் தேர்வு அந்த வருடம் வந்தது. தலைநகரில் ஒரு பெரிய மண்டபத்தில் நான்கு மணி நேரம் எழுதினாள். அறுபது எடுத்தால் தேர்ச்சி. நவம்பரில் முடிவு வந்தபோது அவள் பெயருக்கு எதிரே ஐம்பத்தேழு.

ஆற்றங்கரைப் பள்ளியின் அலுவலகச் செயலர் பெயர் வாஷிங்டன். அந்த நாட்டில் வாஷிங்டன், நெல்சன், வில்சன் என்று தடுக்கி விழுந்தால் ஒருவர் உண்டு; இவன் குள்ளமாக, தொந்தியோடு, வாய் ஓயாத வாஷிங்டன். சுல்மாவை அவன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய் விடைத்தாளின் நகலைப் பரப்பினான்.

"ஏழாங் கேள்வியப் பாரு. ஆறு ஸ்வரம் குடுத்து எண்ணோட பேர் எழுதச் சொல்லியிருக்கான். ஆறும் தப்புன்னு சிவப்பு அடிச்சிருக்கான். நீ ஆறும் தப்பா எழுதுற ஆளா?"

சுல்மா பார்த்தாள். நடு தோவுக்கு மூன்று என்று எழுதியிருந்தாள். அதைத் தொட்டு மற்ற ஐந்தும். "விடைக்குறிப்புல நாலுன்னு வெச்சிருக்காங்க போல. எல்லாமே ஒரு ஸ்தாயி தள்ளிப் போயிருக்கு."

"அப்ப உன் விடை தப்பா?"

"தப்பில்ல. அது ஒரு முறை, இது ஒரு முறை."

"அப்புறம் என்ன. மேல்முறையீடு போடு. ஆறு மார்க் வந்தா அறுபத்துமூணு. பாஸ்."

"விடுப்பா. அசதியா இருக்கு."

"அசதியா இருக்கறதாலதான் சொல்றேன். இன்னும் பதினஞ்சு வருஷம் தொலோரெஸ் பஸ்ல தொங்கப் போறியா? நான் டைப் அடிக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு." வாஷிங்டன் ஒற்றைக் காலில் நின்றான். அவளும் போட்டாள். அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. அறுபத்துமூன்று என்ற எண்ணை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே தூங்கினாள்.

டிசம்பர் நடுவில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விடியற்காலை பஸ் பிடித்து நான்கு மணி நேரம் போனாள். இரண்டாவது மாடியில் மின்விசிறி மட்டும் ஓடிய அறையில் இர்மா லெய்தெஸ் என்ற தேர்வுக்குழுத் தலைவி உட்கார்ந்திருந்தாள். அறுபதை ஒட்டிய வயது, கண்ணுக்குக் கீழே இரண்டு பை. எதிரே கோப்பு மலை. அவளும் களைத்துத்தான் இருந்தாள் என்பதை சுல்மா வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

சுல்மா தான் படித்த பழைய பாடநூலை மேஜையில் வைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினாள். வாதம் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"எனக்கும் இந்தப் புத்தகந்தான் டீச்சர்," என்றாள் லெய்தெஸ். "நானும் மூணுன்னுதான் படிச்சேன். விடைக்குறிப்பு போட்டவங்க சின்னவங்க, அவங்க நாலு. எந்த முறைன்னு கேள்வியில எழுதாம விட்டது எங்க குத்தந்தான். ஒத்துக்கிறேன்."

சுல்மாவுக்கு நெஞ்சு லேசாகிப்போனது. அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஆனா ஒண்ணு இருக்கு," என்று லெய்தெஸ் விடைத்தாளைப் புரட்டினாள். "எந்த முறையானாலும் சரி, தாள் முழுக்க ஒரே முறையில இருக்கணும். அப்பத்தான் ஏத்துக்க முடியும். உங்க ஒன்பதாவது விடையப் படிங்க."

ஒன்பதாவது கேள்வி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரல் எங்கிருந்து எங்குவரை சிரமமில்லாமல் போகும் என்பது. சுல்மா எழுதியிருந்தாள்: தோ நான்கிலிருந்து ரே ஐந்து வரை. விடைக்குறிப்போடு அப்படியே பொருந்தி, எட்டுக்கு எட்டு வாங்கியிருந்தது.

"ஏழுல நடு தோ மூணு. ஒன்பதுல நடு தோ நாலு. உங்க மூணுதான் சரின்னு வெச்சா, இந்தப் புள்ளைங்க விசில் ஊதற மாதிரில்ல பாடணும்?" லெய்தெஸ் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "எழுதறப்ப எந்த முறைய மனசுல வெச்சிருந்தீங்க டீச்சர்?"

சுல்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்துதான். ஏழாவது கேள்வியை எழுதும்போது ஆற்றங்கரைப் பள்ளியின் புத்தகம் கண் முன்னால் இருந்தது. ஒன்பதாவதில் பிள்ளைகள் என்றதும் தொலோரெஸ் பிள்ளைகள் முப்பது பேரும், கீபோர்டுத் திரையும் வந்து நின்றிருக்கின்றன. நடுவில் ஒரு பக்கம் புரட்டியதுதான் இடைவெளி.

"எந்த பஸ்ல எறங்கினேங்கறதப் பொறுத்தது மேடம்," என்றாள். "மூணு ஸ்கூல். மூணுலயும் வேற வேற. ஒரே ஸ்கூல்னா ஒரே எண் இருந்திருக்கும். ஒரே ஸ்கூல் வேணும்னுதான் இந்தப் பரீட்சையே எழுதினேன்."

லெய்தெஸ் பேனாவை மூடி வைத்தாள்.

"கணக்க நேராச் சொல்றேன்," என்றாள் பிறகு. "மேல்முறையீட்ட ஏத்துக்கிட்டா ஏழுல ஆறு வரும், ஒன்பதுல எட்டு போகும். ஐம்பத்தஞ்சு. ஐம்பத்தாறுக்குக் கீழ போனா காத்திருப்புப் பட்டியல்ல கூட இருக்க மாட்டீங்க, பிப்ரவரியில கடைசி வரிசை. வாபஸ் வாங்கிட்டா ஐம்பத்தேழு அப்படியே நிக்கும். ஃபெயில்தான், ஆனா பட்டியல்ல முன்னால நிப்பீங்க. ஆற்றங்கரை நாலு பீரியடாவது மிஞ்சும்."

"வாபஸ் வாங்கினா, என்ன மாதிரி மூணுன்னு எழுதின மத்தவங்களுக்கு?"

"முப்பத்தொரு பேர் மூணுன்னு எழுதியிருக்காங்க. கடைசி வரைக்கும் மூணுலயே நின்னவங்க. மேல்முறையீடு போட்டது நீங்க ஒருத்தர்தான், கெடு முடிஞ்சுபோச்சு. ஏத்துக்கிட்டா அவங்களுக்கும் மார்க் ஏறும், உங்க கோப்ப மூடினா அவங்களுதும் மூடினதுதான்." தலைவி ஒரு தாளை நகர்த்தினாள். "நான் எதுவும் சொல்லல. நீங்க படிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க."

வாபஸ் படிவம் இரண்டே வரி. என் விடை பிழையானது என்பதை ஒப்புக்கொண்டு எனது மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

சுல்மா அதை மூன்று தடவை படித்தாள். முப்பத்தொரு பேரைப் பற்றி அவள் பெருந்தன்மையாக எதையும் யோசிக்கவில்லை. அவர்கள் யாரென்றே அவளுக்குத் தெரியாது, உண்மையில் அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒருத்தராவது ஒரு காகிதம் போட்டிருக்கக் கூடாதா? எல்லோரும் அசதியில் விட்டுவிட்டார்கள், வாஷிங்டன் மட்டும் இல்லாவிட்டால் அவளும் விட்டிருப்பாள். அவளுக்குக் கை ஓடாதது அந்த "பிழையானது" என்ற சொல்லில்தான். மூன்று பிழையில்லை. ஆறு ஸ்வரமும் பிழையில்லை. இருபத்துமூன்று வருடம் திங்கட்கிழமை தோறும் சொல்லிக்கொடுத்ததைப் பிழை என்று எப்படி எழுதுவாள்?

"இந்த வார்த்தைய எடுத்துட்டு வேற படிவம் இருக்கா மேடம்?"

"இல்லையே."

"அப்ப ஏத்துக்கிட்டதுன்னே போடுங்க."

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு டீச்சர். கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு யோசிங்க."

"யோசிக்கத் தெம்பில்ல மேடம். போடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழுதாள். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மாத்தே நீட்டினார். வாங்கிக் குடித்தாள். விஷயம் தெரிந்தபோது வாஷிங்டன் வாயடைத்துப்போனான். அது அவன் வாழ்க்கையில் முதல்தடவையாக இருக்கலாம்.

பிப்ரவரி வந்தது. அதே தகரக் கொட்டகை, அதே வியர்வை. புதிதாக நிரந்தரமானவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றங்கரைப் பள்ளியின் இசை பீரியட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதவியாக்கியிருந்தார்கள். ஹெபெர் சோசா என்ற பெயரைக் கூப்பிட்டதும், ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டார். இறங்கி வந்து, காலியாக இருந்த நாற்காலியில், சுல்மாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பத்தொன்பது வருஷம் மேடம். கார்தோனாலேருந்து நாலு ஊருக்கு ஓடினேன். நவம்பர்ல ஃபெயில்னு போட்டுட்டான். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவதி நடு தோவுக்காகச் சண்டை போட்டாங்களாம், திருத்தி எனக்கு பாஸ் போட்டான். யாருன்னே தெரியல."

சுல்மா சொல்லாமல் இருந்திருக்கலாம். கதைகளில் வரும் நல்லவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அவள் அவ்வளவு நல்லவள் இல்லை.

"அது நாந்தான்," என்றாள். "நீங்க எடுத்தது என் ஸ்கூல்."

சோசாவின் முகம் வெளுத்தது. மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வரவா?"

"நீங்க வேண்டாம்னா உங்களுக்கு அடுத்தவருக்குப் போகும். எனக்கு வராது."

"அப்ப நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"எங்க தெருவுல ஒரு வீடு வாடகைக்கு இருக்கு, ஸ்கூலுக்கு நாலே தெரு. அத எடுத்துக்கோங்க. பஸ் வேண்டாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வரிசை மெல்ல நகர்ந்தது. ரொம்ப நேரம் கழித்து, கடைசிக்கு மூன்றாவதாக "எச்சார், சுல்மா" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மிச்சமிருந்தது தொலோரெஸ் ஆறும், அவள் கால் வைத்திராத ஒரு ஊரில் மூன்றும். சரி என்று தலையசைத்தாள்.

பையை எடுக்கத் திரும்பி வந்தபோது சோசா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"பியானோ அறைச் சாவி ஆபீஸ்ல வாஷிங்டன்கிட்ட இருக்கும்," என்றாள் அவரிடம். "புது ஆளுங்க கேட்டா தர மாட்டான், இல்லேம்பான். சுல்மா குடுக்கச் சொன்னதாச் சொல்லுங்க."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.