பருத்திக்கு வந்த இரண்டு கோடு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அதனால், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பேட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பருத்தியைச் சோதிக்கிறேன். ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் ஏற்றிவிட்டால், அதைக் கடிக்கிற காய்ப்புழு செத்துப்போகும். ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க, இலையைக் கசக்கிய கரைசலில் ஒரு காகிதப் பட்டையை முக்குவோம். ஒரு கோடு வந்தால் சாதாரணப் பருத்தி. இரண்டு கோடு வந்தால் ஏற்றிய பருத்தி.

அப்படி இரண்டு கோடு வந்த பட்டை ஒன்று என் சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் தச்சநல்லூரில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. போட்டுப் போக வேண்டிய சட்டையும் அதுதான். துவைக்க எடுத்த அம்மா பையில் கைவிட்டாள். அக்கா உண்டாகியிருந்தபோது இதே மாதிரிப் பட்டையில் இதே மாதிரி இரண்டு கோட்டை அவள் பார்த்திருக்கிறாள்.

“யாருலே அவ?”

“பருத்திம்மா.”

“பிரீத்தியா? எந்த ஊருக்காரி?”

மரபணு மாற்றத்தைப் பற்றிப் படிக்கிற காலத்தில் வகுப்பில்கூட நான் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. மாசமாக இருப்பது பருத்தி என்று சொல்கிற மகனை எந்த அம்மா நம்புவாள்? தச்சநல்லூர்ப் பயணத்தையே நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். வேறு வழியில்லாமல், என் வேலைப் பையில் கிடந்த மிச்ச இலையை அடுப்படியில் வைத்துக் கசக்கி, அதிலேயே இருந்த புதுப் பட்டையை முக்கிக் காட்டினேன். இரண்டு கோடு. அம்மா அதோடு விடவில்லை. குழம்புக்கு நறுக்கி வைத்திருந்த கத்தரிக்காயையும் சோதிக்கச் சொன்னாள். ஒரு கோடு. கத்தரிக்காய் ஒழுக்கமான பிள்ளை என்று சான்று கொடுத்தாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. கடவுள் படைத்ததில் கைவைக்க நீ யார் என்று கேட்டார். அப்போது அவர் கையில் இன்சுலின் ஊசி இருந்தது. அந்த மருந்தே மரபணு மாற்றிய நுண்ணுயிர் தயாரித்ததுதான் என்றேன். ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், குத்திக்கொண்டார். மருந்து நாமாகக் கேட்டுப் போட்டுக்கொள்வது, சோற்றில் சொல்லாமல் கலப்பதுதான் கூடாது என்று அங்கேயே கட்சியைத் திருத்திக்கொண்டார்.

அதை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏத்துனா ஏத்துனேன்னு சொல்லணும்லா. நாளைக்கு அங்கன நானே சொல்லிருதேன். பொறவு தெரிஞ்சா நம்மளத்தான் கேப்பாவ.”

வேண்டாம் என்று கெஞ்சினேன். விதை வாங்குகிறவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் முழங்கியவன், பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சுவதில் இருந்த அழகு எனக்கே தெரிந்தது. அம்மா கேட்கவில்லை. மறுநாள் தச்சநல்லூரில் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், பிரீத்தியில் தொடங்கிக் கத்தரிக்காய் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். பெண்ணின் அப்பா என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் யாருக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது.

“எனக்குச் சம்மதந்தான்ப்பா. ஆனா அவிய சட்டைய அவியளே தொவைச்சுக்கிடணும்.”