ஆதம்பாவா முன்னால் நடந்த இரண்டு நாட்கள்

என் தங்கை ஸம்ஸியாவின் மாப்பிள்ளை ஆதம்பாவா சாய்ந்தமருதில் சைக்கிளில் மீன் விற்றவர். பின்னால் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹோர்ன், சாக்கில் சுற்றிய மீன் கத்தி. கடற்கரையிலிருந்து நாவிதன்வெளி வயல் வரைக்கும் எந்த ஒழுங்கை எந்த வேலியில் போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே இரண்டு தடவை ஆமிக்காரர்களுக்கு வழி காட்டப் போனார்.

முதல் தடவை எண்பத்தெட்டில். வடக்கே இருக்கிற பெரிய நாட்டின் அமைதிப்படை அப்போது எங்கள் பக்கம் முகாம் போட்டிருந்தது. சமாதானத்துக்கு வந்தோம் என்றார்கள். ஆரம்பத்தில் நாங்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தோம். பிறகு பற்றைக்குள்ளிருந்து யாராவது அவர்களைச் சுட்டால், ரோட்டில் அகப்பட்டவன் அடி வாங்கினான். ஒரு நாள் ஆதம்பாவாவும் பாண்டிருப்புத் தம்பையாவும் மீன் பெட்டியோடு அகப்பட்டார்கள். தம்பையா பிடிக்கிற மீனைத்தான் இவர் விற்பார். இருவரும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் துவக்கால் முதுகில் குத்தினான். "ரெண்டு பேரும் முன்னாடி நடங்கடா. நாங்க பின்னாடி வர்றோம்."

கண்ணிவெடி இருந்தால் முன்னால் போகிறவனோடு போகட்டும் என்பதுதான் எண்ணம். தம்பையா இடப்பக்கம், இவர் வலப்பக்கம்.

"மச்சான், நமக்குக் கிடைச்ச மரியாதயப் பாரு," என்று தம்பையா அந்தப் பயத்திலும் பகிடி விட்டாராம். "பின்னால ஒரு பட்டாளமே வருது."

சொல்லி நாலு எட்டு வைக்கவில்லை, வெடித்தது. ஆதம்பாவா தம்பையாவை மீன் சாக்கில் அள்ளினார். ஒரு கை வயலுக்குள் கிடந்தது. அதை எடுக்க வரம்பில் இறங்கியவரை, ஓடப் பார்க்கிறான் என்று துவக்குப் பிடியால் அடித்துச் சேற்றில் போட்டார்கள். சாக்கைத் தம்பையாவின் பெண்சாதி மீனாம்பிகையிடம் கொடுத்துவிட்டு வந்தவர், ஒரு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் படையும் போய்விட்டது. வந்தபோதும் எங்களிடம் கேட்கவில்லை, போனபோதும் சொல்லவில்லை.

அடுத்தது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, கடல் வந்த மூன்றாம் நாள். அல்லாஹ் அப்படி ஒரு காலையை இனி யாருக்கும் காட்டக் கூடாது. வீடுகள் இருந்த இடத்தில் கிணறுகள்தான் மிஞ்சியிருந்தன. கூரைத் தகடு கழுத்தை அறுத்த மையித்துகளும், தென்னையில் சொருகிக் கிடந்த மையித்துகளும் எடுத்து முடியவில்லை. ஸம்ஸியா உயிரோடு இருந்தாள். மாடி வீட்டுக் கொங்கிரீட் தட்டு இடிந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே அகப்பட்டிருந்தது. இரும்பு அலவாங்கு வைத்து நெம்பினோம், அசையவில்லை. பக்கத்து வீட்டு சித்தி லைலா அவள் வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று காலை பள்ளிக்கூட வெளியில் ஹெலிகொப்டர் இறங்கியது. அதே நாட்டு ஆமி. இந்த முறை டொக்டர், மருந்து, பாரம் தூக்குகிற ஜக், கொங்கிரீட் அறுக்கிற மெஷின் எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் ஒழுங்கைகள் ஒன்றும் இல்லை. வழி காட்ட ஆள் வேண்டும் என்றார்கள்.

"மச்சான், அந்த உடுப்பக் கண்டா எனக்கு மூத்திரம் போகுது," என்றார் ஆதம்பாவா.

"ஒங்கட பொண்டாட்டிக்குத்தானே, வாங்க," என்றேன்.

அலவாங்கை ஊன்றிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். கிணறுகளை அடையாளம் வைத்து ஒவ்வொன்றாகக் கடந்தார். இது ஹாஜியார் வீட்டுக் கிணறு, இது தையல்காரருடையது. நாலாவது கிணற்றடியில், இடமா வலமா என்று பார்த்து நின்றார். பின்னால் வந்த சிப்பாய் அவர் தோளில் கை வைத்தான்.

"பெரியவரே, முன்னாடி நடங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆதம்பாவா திரும்பினார், அலவாங்கு சுழன்றது. அந்தப் பிள்ளையின் தாடை உடைந்து, பல்லும் இரத்தமும் என் சேர்ட்டில் தெறித்தன. அவனுக்கு இருபது வயதிருக்கும். எண்பத்தெட்டில் அவன் பாலர் வகுப்புக்கும் போயிருக்க மாட்டான்.

மற்றவர்கள் ஆதம்பாவாவைத் துவக்குப் பிடியால் போட்டு அடித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் பெரிய அதிகாரியின் காலைப் பிடித்தேன். "ஐயா, இன்னும் நூறு யார் தூரந்தான். பொம்புளப் புள்ள நசுங்கிக் கிடக்கா." அவர் தன் பாஷையில் ஒரு சொல் சொன்னார். எல்லோரும் திரும்பினார்கள். ஜக்கும் அவர்களோடு திரும்பியது. டொக்டர் மட்டும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். தன் பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ளுஹருக்குள் ஸம்ஸியாவின் கால் கறுத்து மணம் வந்துவிட்டது. விஷம் மேலே ஏறுவது தெரிந்தது.

"என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் அவள். "மீன் வெட்டத் தெரியும்தானே? வெட்டுங்க."

என் சாரத்தைக் கிழித்துத் தொடையை இறுக்கினேன். பையிலிருந்த ஸ்பிரிட்டை, சைக்கிளோடு தப்பிய மீன் கத்தியில் ஊற்றினோம். ஆதம்பாவா பிஸ்மி சொல்லி, எலும்பில் வைக்காமல் முழங்கால் மூட்டில் வைத்து அறுத்தார். சித்தி லைலா அவள் வாய்க்குள் முந்தானையைத் திணித்துப் பிடித்திருந்தாள். பையில் இருந்த பஞ்சும் துணியும் முழுக்க முடிந்தது. கதவொன்றில் வைத்துத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தக் கட்டு இல்லாவிட்டால் மௌத்தாகியிருப்பாள் என்றார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்து ரோட்டில் வெடி கொளுத்திய கிழமை, வாசிகசாலையில் ஒரு கூட்டம். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் கை வைப்பது ஏகாதிபத்தியம் என்றார் ஒரு மாஸ்டர். "அவங்க தந்த டெண்டுலதானே மாஸ்டர் ஆறு மாசம் படுத்த?" என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். கதிரை பறந்தது. மாஸ்டரின் நெற்றி பிளந்தது. ஆதம்பாவா சொல்லட்டும் என்று யாரோ கத்தினார்கள். ஸம்ஸியாதான் ஊன்றுகோலில் எழும்பினாள்.

"அந்தப் பெடியனுக்கு அடிச்சது பிழ. அத நான் இவருக்கு முகத்துக்கு நேர சொல்லிட்டன். பை வெச்ச டொக்டருக்கு ஒவ்வொரு தொழுகயிலயும் துஆ கேக்கிறன். ஆனா எங்கட ரோட்டுல எப்ப வாற, ஆர முன்னால நடத்துற, எப்ப திரும்பிப் போற எண்டெல்லாம் அவங்க மட்டும்தான் முடிவெடுத்தாங்க. தம்பையா அண்ணனிட்டயும் கேக்கல்ல, என்னிட்டயும் கேக்கல்ல. அதுக்கு மாஸ்டர் சொன்ன பேர்தான் எண்டா, ஓம், அதுதான்."

பிறகு புருஷனைப் பார்த்தாள். "எழும்புங்க, ஊட்ட போவம். பக்கத்துல வாங்க."