எழுபத்திரண்டு கிலோ மச்சான்

நாற்பத்தெட்டு வயது முக்கோணத்துக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஒழுங்காக அளந்த அளவு. மற்றதெல்லாம் குமட்டல். ஒற்றை ஆள் தொங்கிக்கொண்டு பறக்கிற, இன்ஜின் இல்லாத கிளைடர்களை வடிவமைப்பது அவர் தொழில். பறப்பவர் பிடித்துக்கொள்ளும் சட்டம் முக்கோணம். அவர் முகமும் கிட்டத்தட்ட அதே வார்ப்பு. பட்டறையில் யாரும் அவருடைய இயற்பெயரைத் தேடி அலையவில்லை.

பட்டறை மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. பசை நாற்றமும் அலுமினியத் தூளும் மச்சானின் சென்ட்டும் கலந்த அந்தத் தகரக் கொட்டகையில் இத்தனை வருடம் மூச்சுவிட்டதற்கே முக்கோணத்துக்குச் சிலை வைக்கலாம்.

இந்த முறை மச்சான் தனக்கே ஒரு கிளைடர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில், வாடிக்கையாளர்கள் முன்னால், தானே பறந்து காட்டப்போகிறாராம். வரைபடத்தின் முதல் கட்டம் பறப்பவரின் எடை. இறக்கையின் பரப்பு, குழாயின் கனம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். மச்சான் கண்ணிமைக்காமல் எழுபத்திரண்டு என்றார். அது அவர் கல்யாணத்தன்று இருந்த எடை. முதலாளியைத் தராசில் ஏற்றுவது மரியாதையில்லை என்பது பட்டறைச் சம்பிரதாயம். முக்கோணமும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பின்னால் நினைத்தபோதெல்லாம் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

இறக்கைத் துணியும், பறப்பவர் படுத்துத் தொங்கும் உறையும் தைப்பது மனைவி. வியாழக்கிழமை வந்து நின்றாள்.

"என்னங்க, அண்ணனுக்கு இடுப்பு வார் ஒரு சாண் பத்தல. ஒட்டுப் போட்டிருக்கேன்."

"எழுபத்திரண்டு கிலோவுக்கா?"

"எழுபத்திரண்டு சொன்னது அண்ணன் வாய். நான் தைக்கறது வயித்துக்கு."

முக்கோணம் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அந்த இறக்கை அதிக எடையோடு வளைந்து திரும்பினால் குழாய் மடங்கும். அப்புறம் பொறுக்கத்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை வார் சரிபார்க்க மச்சானைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவே முக்கோணம் ஒரு தொங்கு தராசை மாட்டியிருந்தார். முள் நூறில் நின்றது. உறைக்கு நாலு போனாலும் தொண்ணூற்றாறு.

"வார் சரியா மாப்ள?" என்றார் மச்சான், குப்புறத் தொங்கியபடி.

"வார் சரி. நீங்கதான் இருபத்திநாலு கிலோ பொய்."

"தராசு துருப்பிடிச்சது."

"துரு இவ்வளவு கனக்காது."

"ஊரையே கூப்பிட்டுட்டேன் மாப்ள. லேசா பறந்துட்டு இறங்கிடறேன்."

"லேசா பறக்க லேசா இருக்கணும் மச்சான்."

முக்கோணம், பக்கத்தில் நின்ற கிளைடரின் குழாய்களை நடுவில் சேர்க்கும் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மச்சான் காற்றில் நீந்திப் பார்த்தார். கால் தரைக்கு எட்டவில்லை.

"பறக்கலைன்னு சொல்லுண்ணே, இறக்கி விடறோம்," என்றாள் தங்கை, நூலைப் பல்லால் கடித்தபடி.

கால் மணி நேரம் கழித்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில் கூடியிருந்தவர்கள் முன் நின்று மச்சான் பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளை கணக்கில் கோட்டை விட்டுவிட்டாராம். வீட்டு மனிதர், என்ன செய்ய. ஒரு பெரியவர் முக்கோணத்தின் முதுகில் தட்டினார்.

"அடுத்த தடவை கவனமா இருங்க தம்பி."

"சரிங்க," என்றார் முக்கோணம், பையிலிருந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டு. அந்தச் 'சரிங்க' நாக்கில் வேப்பங்காயாக நின்றது.

திங்கட்கிழமை புதுத் தாள் விரித்தார். முதல் கட்டத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதினார். தோளுக்குப் பின்னாலிருந்து சென்ட் வாசனை வந்தது.

"தொண்ணூத்தி நாலுன்னு போடு மாப்ள. நான் காலைல இன்னும் சாப்பிடல."