ஸ்பீக்கர் கடையில் காது கொடுத்தவர்கள்

ஸ்பீக்கர் விற்கிறவனுக்குக் காது மட்டும் இருந்தால் போதாது, முகத்தில் எதையும் காட்டாமல் நிற்கவும் தெரிய வேண்டும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வைத்து வரும் வீட்டு ஸ்பீக்கர்களை ஓட்டிக் காட்டி, எது கொடுக்கிற காசுக்குத் தகும் என்று சொல்வது என் வேலை. தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

தூக்கிப் பார்த்தவர்

பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டுக்கு ஸ்பீக்கர் கேட்டு வந்தார். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, இதில் குரல் தெளிவு, அதில் வெறும் இரைச்சல் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். அவர் பூசணிக்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருந்த இரைச்சல் பெட்டிக்குப் பில் போடச் சொன்னார். கனத்துக்காகவே உள்ளே இரும்பை வைக்கிறவர்களும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"தம்பி, நாங்க பட்டுச் சேலையையே கையில தூக்கிப் பாத்துத்தான் வாங்குதோம். கனம் பொய் சொல்லாது."

புதுசில் வந்த கோளாறு

சைதாப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர், நான் நல்லது என்று சத்தியம் செய்யாத குறையாக விற்ற ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பெட்டியில் கேட்காத கொரகொரப்பு இதில் கேட்கிறதாம். அவருடைய பாட்டுகளெல்லாம் போனுக்குப் போன் தாவி நைந்துபோனவை. பழைய பெட்டி அந்த அழுக்கை அமுக்கி வைத்திருந்தது, இது அப்படியே வெளியே விட்டது. சுத்தமான பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டார். ஆனால் அது அவருடைய பாட்டு இல்லையே.

"என் பாட்டு நல்லாத்தான் கீது நைனா. உன் பொட்டி வந்தப்புறம்தான் கொரகொரன்னு கீது. பழசு அது பாட்டுக்கு நிம்மதியா பாடிக்கினு இருந்துச்சு."

அடுக்களையிலிருந்து கேட்டவர்

மயிலாப்பூரில் ஒரு மாமி, கணவரை இழந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்கே கொண்டுவந்து காட்டச் சொன்னார். என்ன பாட்டு போடட்டும் என்றேன். பாட்டு வேண்டாம், யாராவது பேசுகிற மாதிரி ஏதாவது போடு என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவியபடியே அங்கிருந்து கேட்டார்.

விலை உயர்ந்த ஜோடி ரேடியோ மாதிரி கணீரென்று இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நான் ஒப்புக்குக் கொண்டுபோயிருந்த சின்ன ஜோடி, கொஞ்சம் மந்தமானது, வார்த்தைகளைத் தேய்த்துத்தான் தரும். அதைப் போட்டதும் குழாய் நின்றது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அது தெளிவாக இருக்காது மாமி என்று தொழில் தர்மத்துக்காகச் சொன்னேன்.

"ஹால்ல ஒருத்தர் பேசிண்டிருக்காப்ல இருந்தா போறும். என்ன பேசறார்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

ஜெசிந்தா நின்ற பக்கம்

அருள்ராஜ் சார் சாந்தோமில் இருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி ஜெசிந்தா ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறந்துபோனார். கோயில் பாடகர் குழுவில் பல வருடங்கள் பாடியவர். அவர் குரல் மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில், கடைசி கிறிஸ்துமஸ் பூசையின் வீடியோவில். சார் அதைத் தினமும் போனில் பார்ப்பாராம். எல்லோருக்கும் மேலே எழும் ஒரு குரலைக் காட்டி, இதுதான் அவ என்றார். ஜெசிந்தாவின் வருஷ நினைவுப் பூசைக்கு மகள் வருகிறாள், அம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஸ்பீக்கர்.

கடையிலேயே நல்ல ஜோடியை இணைத்து, வீடியோவைப் பெரிய திரையில் போட்டேன். வழக்கமாக அடிக்கிற டயலாக்கையும் அடித்தேன். கண்ணை மூடிக் கேளுங்கள் சார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று கைநீட்டிச் சொல்லலாம். போனில் ஒரே குழம்பாகக் கிடந்த பாட்டு பிரிந்து விரிந்தது. சார் கண்ணை மூடிச் சிரித்தபடி அந்தக் குரலைத் தேடிக் கையை நீட்டினார். இடது பக்கம் நீட்டினார். திரையில் ஜெசிந்தா நீலப் புடவையில் வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சார் இத்தனை நாள் கேட்டது வேறு யாருடைய குரலையோ. அவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்ததும், ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேன் சார் என்று ஒரு பொய்யைச் சொல்லி, இடதை வலதாக்கினேன். இப்போது குரல் ஜெசிந்தாவின் பக்கம் வந்தது. சாரின் முகம் தெளிந்தது. ஆனால் அவர் கணக்கு வாத்தியார். திரையில் இடது ஓரத்தில் இருந்த கீபோர்டு வலது ஸ்பீக்கரில் வாசிப்பதைக் கவனித்துவிட்டார்.

ஒயரைப் பழையபடி போடச் சொன்னார். நாற்காலியை வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கேட்டார். அங்கே வேறு இரண்டு பெண்களின் குரல் இருந்தது. ஜெசிந்தாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் சார் பேசினார், அதுவும் என்னைப் பார்த்து அல்ல.

"இருமல் அப்பவே இருந்துச்சு. மூச்சு பத்தாம வாயை மட்டும் அசைச்சிருக்கா. பூசை முடிஞ்சதும் இன்னைக்கு நீ ரொம்ப நல்லா பாடினேன்னு அவகிட்ட சொன்னேன். சிரிச்சா."

பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதுதான் நல்ல ஸ்பீக்கருக்கு அழகு என்று இன்றைக்கும் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன், கண்ணை மூடிக் கேளுங்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.