அடியிலிருந்து அறைந்த அலை

படகை அலை முன்னாலிருந்துதான் அடிக்கும் என்று நினைப்பவர்கள் கரையிலேயே நின்று பழகியவர்கள். என் அண்ணன் கட்டிய படகை அலை அடியிலிருந்து அறைந்தது. அந்த அறை இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. தலை நரைத்துவிட்டது. கோபம் நரைக்கவில்லை.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிறது, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுச் சுண்ணாம்பை மட்டும் அண்ணன் தெங்கேரா கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மலாக்கா கடல் சேற்றுக் கடல், ஆழமில்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். யாரோ ஒருவரின் மோட்டார் படகில், எஞ்சின் பக்கத்தில், எண்ணெய்த் துணியோடு குனிந்து கிடந்தவன் அண்ணன். அவனுக்கு ஓர் ஆசை. ஒல்லியான இரண்டு படகுகளை இணையாக வைத்து, குறுக்கே விட்டம் போட்டு, மேலே பலகைத் தளம் அடித்தால், வேகமாகவும் ஓடும், ஆடவும் ஆடாது. துறைமுக அதிகாரி ஏறிப் பார்த்து லைசென்ஸ் கொடுத்துவிட்டால் அவனே அதன் ஓட்டுநர். நிமிர்ந்து நின்று சுக்கான் பிடிக்கலாம்.

படகுகள் இரண்டும் எங்கள் பகுதி மெர்டேக்கா விழாக் குழுத் தலைவருடையவை. டவுனில் கடை வைத்திருந்தவர். மூளையும் முதுகும் மட்டுமே அண்ணனுடையவை.

ஒல்லிப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். வம்பு நடுவில்தான். இரண்டுக்கும் இடையில் புகுந்த தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. குவியும், எழும்பும், மேலே இருக்கிற பலகையை அறையும். வேகம் கூடினால் அறையும் கூடும். அதற்குத்தான் அந்தச் சுண்ணாம்பு. தளத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பூசி, காயவைத்து, காற்றடிக்கிற நாளாகப் பார்த்து ஓட்டுவான். கடல் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்ததும் நான் பாவாடையைச் செருகிக்கொண்டு அடியில் தவழ்ந்துபோய்ப் பார்ப்பேன். வெள்ளை எங்கே கரைந்திருக்கிறதோ அங்கே அடி விழுந்திருக்கிறது. விட்டத்தின் மேல் கட்டை வைத்துத் தளத்தை உயர்த்துவான். மறுபடியும் பூசுவான். மறுபடியும் தவழ்வேன். கடைசியில் ஒரு நாள் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"அப்பிடியே இருக்குண்ணே! ஒரு எடத்துலயும் கரையல!"

சேற்றில் மல்லாந்து கிடந்து நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மறுவாரம் தலைவர் வந்தார். குடையைப் படகின் மேல் தட்டினார்.

"என்னாடா இது, பரண் மாரி? படகு கேட்டா மாடி கட்டி வெச்சிருக்க? பெரியவங்க, பொம்பளைங்கள்லாம் ஏணி வெச்சா ஏறுவாங்க?"

"எறக்குனா அலை அடியில தட்டும்ங்க ஐயா."

"இந்தக் கடலுக்கு என்னா பெரிய அலை? சும்மா சூசா பண்ணித் தொல்ல குடுக்காத. ஒரு முழம் எறக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "சரிங்க ஐயா" என்றான்.

சரிங்க ஐயா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைப் பிடுங்கி எடுத்தேன்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"படகு அவரோடதும்மா. நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

"மெதுவா போற படகுக்கு அதிகாரி எதுக்கு லைசென்ஸ் குடுப்பாரு?"

மறுநாள் கடல் வற்றியதும் கட்டைகளை உருவித் தளத்தை ஒரு முழம் இறக்கினான்.

ஓட்டம் பார்க்கிற நாளன்று தளத்தின் முன்பக்கம் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குழுவினர், மனைவிமார், நான். அதிகாரி படகின் பின்பக்கம், அண்ணன் அருகே நின்றார். பூஜையைக் கரையிலேயே முடித்துவிடலாம் என்று அண்ணன் கெஞ்சியிருந்தான். முதல் ஓட்டத்தில் ஆற்றுமுகம் தாண்டி, கடலைப் பார்த்துத்தான் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார் தலைவர். சுமத்ரா பக்கமிருந்து காற்று எழுந்திருந்தது. அதிகாரி கையைக் காட்ட, அண்ணன் வேகத்தைக் கூட்டினான். படகு பறந்தது. உண்மையாகவே பறந்தது, அதை யாரும் பிறகு சொல்லவில்லை.

தலைவர் முன்னால் நின்று தேங்காய் உடைத்தார். சூடம் கொளுத்தித் தட்டைக் காட்டினார். சூடத்தைக் கண்டால் நம் ஆட்கள் இருந்த இடத்தில் இருப்பார்களா? அணைவதற்குள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமே. மொத்தக் கூட்டமும் முன்னால் பாய்ந்தது. படகின் மூக்குத் தாழ்ந்தது.

"பின்னுக்கு வாங்க! எல்லாரும் பின்னுக்கு வாங்க!"

அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். நானும் கத்தினேன். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. முதல் அலை அடியில் முட்டியது. இரண்டாவது அறைந்தது, பற்கள் மோதின. மூன்றாவது அலைக்குப் பலகைகள் ஆணியோடு பிய்ந்து மேலே வந்தன. ஓர் அம்மாவின் கால் இடுக்கில் மாட்டிக் கணுக்கால் முறிந்தது. சூடத் தட்டு கடலுக்குள் போயிற்று.

அன்று மாலை தலைவரின் கடையில் கூடினார்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை ஓட்டிக் காட்டலாம், நடந்ததற்குச் சரியான காரணம் மட்டும் வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

"ரெண்டு படகுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சானே, பொருத்தம் பாத்தானா?" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. கால் முறிந்த அம்மாவின் புருஷன்கூடச் சிரித்தார்.

"தளத்த எறக்கச் சொன்னது யாரு? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றேன்.

"பெரியவங்க பேசுற எடம் இது, பொண்ணு" என்ற தலைவர், அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. யாரு மேல தப்பு?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். தளத்தை மறுபடி உயர்த்தலாம், அடுத்த வாரம் ஓட்டலாம், நிமிர்ந்து நிற்கலாம்.

"என் தப்புதாங்க ஐயா. கட்டுனது நான்தானே."

அதையே காரணமாகப் போய்ச் சொன்னார்கள். இரட்டைப் படகுக்கு ஆள் ஏற்றும் லைசென்ஸ் கிடையாது என்றாகிவிட்டது. விட்டத்தை அறுத்துப் படகுகளைப் பிரித்ததும் அண்ணனேதான். ரம்பம் இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சேற்றில் நின்றேன். பிடித்துக்கொள் என்றான். நான் பிடிக்கவில்லை.

பிறகு மெர்டேக்கா வந்தது. ஊரோடு நாங்களும் திடலில் நின்றோம். மெர்டேக்கா என்று கூட்டம் முழங்கியபோது என் காதருகே ஒரு குரல் எல்லாக் குரலுக்கும் மேலே எழுந்தது. அண்ணன். கழுத்து நரம்பு புடைக்க, கையை உயர்த்தி.

"இந்தத் தொண்ட அன்னிக்கு எங்கண்ணே போச்சு?"

உயர்ந்த கை அப்படியே இறங்கியது. அதன் பிறகு அவன் கத்தவில்லை.

போன மாதம் ஒரு பத்திரிகையில் படம் பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில், இரட்டை உடல் கப்பல், நுரையைச் சீறிக்கொண்டு. தளம் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரம்! அதைச் சுருட்டிக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்குப் பஸ் ஏறினேன். அண்ணன் அங்கே முதலாளியின் லாரிக்கு அடியில் பழுது பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். படத்தை அடியிலேயே நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"ஏணி வெச்சுத்தான் ஏறுறாங்க" என்றான்.

முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிட்டு, "வந்துட்டேங்க ஐயா" என்று எழுந்து போனான்.